காரில் தண்ணீர் குறைகிறதா? எங்கே போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

"தண்ணி கொறையுது."

எங்கள் பட்டறையில் அடிக்கடி காதில் விழும் புகார் இதுதான். பிரேக் கத்துகிறது, ஏர்கோன் குளிரவில்லை என்று வருகிறவர்கள் எந்தப் பக்கம், எத்தனை நாளாக என்று விவரமாகச் சொல்வார்கள். தண்ணீர் குறைகிறது என்று வருகிறவர்களிடம் மட்டும் விவரம் எதுவும் இருக்காது. ஊற்றினோம், குறைந்தது, மறுபடியும் ஊற்றினோம். அவ்வளவுதான்.

நான் வாகனத் தொழில்நுட்பத்தில் மலேசியத் திறன் சான்றிதழின் மூன்றாம் நிலையை முடித்துவிட்டு, பண்டமாரானுக்கும் துறைமுகத்துக்கும் இடையில் இருக்கும் என் மாமாவின் பட்டறையில் வேலை செய்கிறேன். ஊர் வழக்கில் சொன்னால் நான் ஒரு 'போர்மன்'. என்னுடைய நான்காம் படிவ இயற்பியல் புத்தகம் இன்னமும் பட்டறை அலமாரியில் இருக்கிறது. எண்ணெய்க் கறை படிந்திருந்தாலும் அதை அடிக்கடி புரட்டுகிறேன். அதற்குக் காரணம் இந்தத் 'தண்ணீர்' விவகாரம்தான்.

எஞ்சினுக்குள் தண்ணீருக்கு என்ன வேலை என்பதைச் சின்னக் கணக்கு ஒன்று காட்டிவிடும். ஒரு சிறிய கார் நெடுஞ்சாலையில் ஓடுவதற்கு 15 கிலோவாட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்தும். இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியாகச் சூடாக வெளியேறும். மீதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலண்ட்தான் சுமக்க வேண்டும். அப்படியென்றால் ஒவ்வொரு விநாடியும் சுமார் 15,000 ஜூல் வெப்பம் அதில் சேர்கிறது. காரில் 4 கிலோகிராம் தண்ணீர் இருக்கிறது, அதன் தன்வெப்பக் கொள்ளளவு 4,200. இரண்டையும் பெருக்கினால் 16,800. ஒரு டிகிரி சூடேற 16,800 ஜூல் போதும். ரேடியேட்டர் வேலை செய்யாவிட்டால் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும்! 90 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 120 டிகிரியைத் தொட அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். உலோகம் உறிஞ்சும் வெப்பத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, ஆகவே உண்மையில் கொஞ்சம் தாமதமாகும். ஆனாலும் எவ்வளவு குறுகிய நேரத்தில் நிலைமை கைமீறும் என்பது புரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நடப்பதும் பாடப் புத்தகத்தில் உள்ளதுதான். சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. கீழே உள்ள பிளாக் பல எஞ்சின்களில் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அளவு கடந்து சூடேறினால் ஹெட் வளைந்துவிடும், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் கிழியும். சில நூறு வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய வேலை சில ஆயிரங்களுக்குப் போய்விடும்.

எங்கள் ஊரில் இது இன்னும் சீக்கிரம் வெளிப்படும் என்பது என் கருத்து. வெஸ்ட்போர்ட்டுக்கும் நார்த்போர்ட்டுக்கும் போகும் கொள்கலன் லாரிகளுக்குப் பின்னால் கார்கள் ஊர்ந்துதான் போக வேண்டும். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். ஊர்ந்து போகும்போது விசிறி ஒன்றுதான் கதி. வெளியே 33 டிகிரி வெயில், உள்ளே ஏர்கோன், முன்னால் அசையாத லாரி. அரை லிட்டர் கூலண்ட் குறைந்திருந்தாலும் இந்த இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, காருக்கு அடியில் ஈரம் தெரிகிறது. அது கூலண்ட்தானா? முதல் சந்தேகம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஏர்கோன் ஓடும் எல்லாக் காரும் தண்ணீர் சொட்டும். ஐஸ் போட்ட கிளாஸின் வெளியே நீர் பூப்பதைப்போல, காற்றில் உள்ள ஈரம் ஏர்கோனின் குளிர்ந்த குழாய்களில் படிந்து ஒரு சிறு குழாய் வழியாகக் கீழே வடிகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, விரலில் வழவழப்பும் இல்லை. கூலண்ட் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். தொட்டால் வழுக்கும், முகர்ந்தால் இனிப்பான வாடை அடிக்கும். நாக்கில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு. அதன் இனிப்புக்காக நாயும் பூனையும் நக்கிவிடும், ஆகவே தரையில் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

இரண்டாவது விஷயத்தில் எங்கள் மாமா யாருக்கும் சலுகை தரமாட்டார். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக் கூடாது. பல கார்களின் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் பொறித்திருக்கும். உள்ளே அத்தனை பார் அழுத்தம் சேரும்வரை மூடி திறக்காது என்று பொருள். அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும். வீட்டு பிரஷர் குக்கரும் இதே தத்துவம்தான். 1.1 பார் மூடிக்குக் கீழே வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காது. கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் சில டிகிரி தாங்கும். 110 டிகிரியில் அமைதியாக இருக்கும் அந்த நீரின் மேலிருந்து மூடியைத் திடீரென்று எடுத்தால், அந்த நொடியே அது கொதித்து நீராவியாகி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் காத்திருக்க வேண்டும். தளர்வாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தால் திறக்கலாம்.

இனி உண்மையான கேள்விக்கு வருவோம். குறைந்த தண்ணீர் எங்கே போனது? அது மாயமாக மறைய வழியில்லை. ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் என்று ஏதோ ஓரிடத்தில் வெளியே கசிந்து தரையில் சொட்டியிருக்கலாம். வெளியே கசிந்தும் சூடான உலோகத்தில் பட்டு ஆவியாகி, தரைக்கே வராமல் போயிருக்கலாம். அல்லது உள்ளே போயிருக்கலாம். கேஸ்கட் வழியாக சிலிண்டருக்குள் நுழைந்து புகைக்குழாயில் நீராவியாகப் போகும், இல்லையென்றால் எஞ்சின் எண்ணெயில் கலந்து அதைத் தே தாரிக் நிறத்துக்கு மாற்றிவிடும். முதல் வகை கண்ணுக்குத் தெரியும். மற்ற இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவதில்தான் போர்மனின் திறமை இருக்கிறது. ஏனென்றால் ஒன்றுக்கு ஆகும் செலவு இருநூறு வெள்ளி, இன்னொன்றுக்கு மூவாயிரம்.

கடந்த பள்ளி விடுமுறையில் இ-ஹெய்லிங் ஓட்டும் ஓர் அக்கா எங்களிடம் வந்தார். தனியாகக் குடும்பத்தை நடத்துகிறவர். நான்காம் படிவம் முடித்த மகனும் கூட வந்திருந்தான். பன்னிரண்டு ஆண்டு பழைய கார்.

"தம்பி, தண்ணி ஊத்துனா ரெண்டு நாளு தாங்குது. மூணாவது நாளு மறுபடியும் கீழ போயிருது. இன்னொரு வொர்க்‌ஷாப்ல காட்டினேன். டாப் ஓவர்ஹால் செய்யணுமாம், மூவாயிரத்து இருநூறு வெள்ளியாம். வண்டிய ஒரு வாரம் விட்டுட்டுப் போகச் சொல்றாங்க" என்றார்.

ஒரு வாரம் கார் இல்லையென்றால் ஒரு வாரம் வருமானம் இல்லை. மூவாயிரம் வெள்ளி என்பது அவர் மகனின் அடுத்த ஆண்டு டியூஷனும் வீட்டு வாடகையும் சேர்ந்த தொகை. மாமா கேட்டது ஒரே கேள்விதான்: "எதை வச்சு ஹெட் கேஸ்கட்னு சொன்னாங்க?" காலையில் வெள்ளைப் புகை வருகிறதாம், எண்ணெய் மூடிக்கு அடியில் பால் மாதிரி ஏதோ படிந்திருக்கிறதாம், கீழே கசிவு எதுவும் இல்லையாம்.

மூன்றும் கேஸ்கட் போனதற்கான அறிகுறிகளே. ஆனால் மூன்றுக்கும் வேறு காரணமும் இருக்க முடியும். பெட்ரோல் எரிந்தால் கரியமில வாயுவோடு நீரும் உண்டாகும் என்பதை வேதியியலில் படித்திருப்பீர்கள். மழை பெய்த காலையில் குளிர்ந்த புகைக்குழாயில் அந்த நீர் வெண்புகையாகத் தெரிவது சகஜம். சூடாகிவிட்டால் நின்றுவிடும். எண்ணெய் மூடியில் படியும் பால் நிறமும், சிறு தூரமே ஓடி அடிக்கடி நிற்கும் வண்டிகளில் சாதாரணமாக வரக்கூடியது. அளவுகோலை உருவிப் பார்த்து அடியில் உள்ள எண்ணெயும் அப்படியே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அக்காவின் காரில் அளவுகோலில் எண்ணெய் சுத்தமாக இருந்தது.

எஞ்சின் ஆறியபின் வேலையைத் தொடங்கினோம். முதலில் டார்ச் விளக்கும் சிறு கண்ணாடியும். நீர் எப்போதும் கீழ்நோக்கி ஒழுகும். ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே சொட்டு விழும் இடத்தில் கசிவைத் தேடினால் கிடைக்காது. ஈரமோ கறையோ தெரியும் இடங்களில் மிக உயரமானது எது என்று பார்க்க வேண்டும். காய்ந்த கூலண்ட் உப்புப் பூத்தது மாதிரி ஒரு படிவை விட்டுச்செல்லும். ஹோஸ் கிளிப்புகளைச் சுற்றியும், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதி அலுமினியத்தோடு சேரும் விளிம்பிலும், வாட்டர் பம்பின் அடியிலும் அதைத் தேடுவோம். வாட்டர் பம்பில் ஒரு சிறு துளையை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் நீர் அந்தத் துளை வழியாக எட்டிப் பார்க்கும். எனக்கு இந்தத் துளை மிகவும் பிடிக்கும். கெட்டுப்போனதைத் தானே சொல்லிவிடும் உறுப்பு காரில் அதிகம் இல்லை. அக்காவின் காரில் அந்தத் துளை காய்ந்திருந்தது.

அடுத்தது அழுத்தச் சோதனை. ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக, அளவுமானி பொருத்திய கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை அடிப்போம். அதற்கு மேல் போகக் கூடாது. சைக்கிள் டியூபில் காற்றடித்து ஓட்டையைத் தேடுவது போலத்தான். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. பதினைந்து நிமிடம் காத்திருந்தோம், முள் அசையவில்லை. மூடியையும் அதே கருவியில் தனியாகச் சோதித்தோம், நன்றாக இருந்தது. பலர் இதைச் செய்வதில்லை. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டாலே தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியேறும். கசிவே இல்லாமல் தண்ணீர் குறையும். புது மூடியின் விலை சில பத்து வெள்ளிதான்.

பிறகு கேஸ்கட்டுக்கான நேரடிச் சோதனை. கண்ணாடிக் குழலில் நீல நிறத் திரவம் இருக்கும். ரேடியேட்டரின் வாயில் அதைப் பொருத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கூலண்டுக்கு மேலே நிற்கும் காற்றை அந்தத் திரவத்தின் வழியாக இழுப்போம். கேஸ்கட் கிழிந்திருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுந்திருக்கும். அதில் உள்ள கரியமில வாயு திரவத்தில் கரைந்து மெல்லிய அமிலமாகும், நீலம் மஞ்சளாகும். பள்ளி ஆய்வகத்து லிட்மஸ் தாளுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. அக்காவின் மகன் குழலுக்கு முன்னால் குனிந்து நின்றான். "நீலமாவே இருக்கு அண்ணே" என்றான். இரண்டாவது முறையும் நீலமாகவே இருந்தது.

கேஸ்கட் இல்லை என்று அப்போதே அடித்துச் சொல்ல மாமா ஒப்பவில்லை. மிகச் சிறிய கிழிசல் சில நேரம் இந்தச் சோதனையில் தப்பிவிடும். கூலண்டில் ஒளிரும் சாயம் கொஞ்சம் கலந்தார். "மூணு நாளு வழக்கம்போல ஓட்டுங்க. தினமும் காலையில எஞ்சின் ஆறியிருக்கறப்போ, கோட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு ஊத்துறீங்கன்னு தம்பி அளந்து எழுதி வைக்கட்டும். விளக்கு சிவப்பா எரிஞ்சா அங்கேயே ஓரமா நிறுத்தி எஞ்சினை அடைச்சிருங்க" என்றார். ரிசர்வ் டாங்கியை மட்டும் நம்பாமல் ரேடியேட்டர் வாயையும் திறந்து பார்க்கச் சொன்னார். டாங்கி நிறைந்திருந்தும் ரேடியேட்டர் காலியாக இருக்கும் வண்டிகள் உண்டு.

மகன் கணக்கு நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்தான். வெள்ளிக்கிழமை கே.எல்.ஐ.ஏ.வுக்குப் போய் வந்தது உட்பட 190 கிலோமீட்டர் ஓடியிருக்கிறார்கள். குறைந்தது 110 மில்லிலிட்டர். சனிக்கிழமை கிள்ளானுக்குள்ளேயே சின்னச் சின்ன ஓட்டம், மொத்தம் 70 கிலோமீட்டர், ஆனால் பத்துத் தடவை எஞ்சினை நிறுத்தி நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். குறைந்தது 240. ஞாயிற்றுக்கிழமை கார் வீட்டிலேயே நின்றது, ஒன்றும் குறையவில்லை.

இந்த மூன்று வரிகளை அவனே படித்துச் சொன்னான்: "ஹைவேல எஞ்சின் அதிகமா உழைச்சும் கம்மியாத்தான் போயிருக்கு. ஆறி ஆறிச் சூடாகுறப்பதான் அதிகமா போகுது." கேஸ்கட் வழியாகப் போகிறதென்றால், எஞ்சின் கடுமையாக உழைக்கும் நெடுஞ்சாலையில்தான் இழப்பு கூடியிருக்கும் என்று எதிர்பார்ப்போம். இங்கே நேர்மாறாக இருந்தது. நின்ற நிலையில் கசியவில்லை, குளிரில் அழுத்தினாலும் கசியவில்லை, சூடாகி ஆறும் ஒவ்வொரு சுற்றிலும் கசிகிறது. சூட்டில் விரியும்போது மட்டும் வாய் திறக்கும் ஒரு விரிசலைத்தான் தேட வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கி விளக்குகளை அணைத்தோம். சாயத்துக்கான மஞ்சள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புற ஊதா விளக்கை மகன் கையில் கொடுத்தேன். எஞ்சினின் பின்பக்கம், கூலண்ட் வெளியேறும் பிளாஸ்டிக் முழங்கைக் குழாயின் அடியில், தலைமுடி அளவுக்கு ஒரு கோடு பச்சை கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தது. அங்கிருந்து கியர்பாக்ஸின் மேல்பகுதி வரை ஒரு தடம். அங்கே விழுந்த ஒவ்வொரு சொட்டும் சூட்டில் ஆவியாகிவிட்டது. அதனால்தான் தரை காய்ந்தே இருந்திருக்கிறது.

பிளாஸ்டிக் முழங்கை, ஓ-ரிங், புதுக் கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 210 வெள்ளி. பகல் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. இத்தகைய பாகங்கள் கண்ணாடி இழை கலந்த நைலானால் செய்யப்படுகின்றன. எடை குறைவு, துருப்பிடிக்காது, மலிவு. ஆனால் ஆண்டுக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி மொரமொரப்பாகிவிடும். பத்து வயதைத் தாண்டிய காரில் தண்ணீர் குறைந்தால் நான் முதலில் பிளாஸ்டிக்கைத்தான் சந்தேகிப்பேன்.

அந்த இன்னொரு பட்டறை ஏமாற்றப் பார்த்தது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்ன அறிகுறிகள் உண்மையானவை. அறிகுறியிலிருந்து நேராகப் பாகத்துக்குத் தாவிவிட்டார்கள், நடுவில் சோதனை இல்லை. வண்டிகள் வரிசையில் நிற்கும்போது இந்தத் தாவல் எளிதாக வரும். மூவாயிரம் கொடுத்து ஹெட்டைக் கழற்றிப் பூட்டியிருந்தாலும் முழங்கையில் விரிசல் அப்படியே இருந்திருக்கும், தண்ணீரும் குறைந்துகொண்டே இருந்திருக்கும்.

எல்லாக் கதையும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. அதே மாதத்தில் வந்த இன்னொரு காரில் நீலத் திரவம் ஒரு நிமிடத்துக்குள் மஞ்சளானது. சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் வீடு பக்கம்தானே என்று நான்கு கிலோமீட்டர் ஓட்டி வந்திருந்தார்கள். ஹெட்டைக் கழற்றிச் சமதளப் பலகையில் வைத்தபோது அது வளைந்திருந்தது. அங்கே டாப் ஓவர்ஹால்தான் சரியான மருந்து, அதைச் சொல்ல எங்களுக்குத் தயக்கமும் இல்லை.

சிவப்பு விளக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போதைய பல சிறிய கார்களில் வெப்பநிலை முள் கிடையாது. குளிராக இருந்தால் நீல விளக்கு, மிஞ்சிச் சூடானால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றுமே இல்லை. முள் இருந்தாலும், அதற்குச் செய்தி அனுப்பும் உணரி கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். தண்ணீர் வடிந்து உணரியைச் சுற்றி வெறும் ஆவியும் காற்றும் நின்றுவிட்டால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் அது தவறான தகவலைத் தரக்கூடும்.

இதன் விளைவைத் தென்னாப்பிரிக்கா பார்த்திருக்கிறது. அங்கே ஃபோர்டு கூகா 1.6 ரகக் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. 2017 ஜனவரியில் நிறுவனம் 4,556 கார்களைத் திரும்ப அழைத்தது. கூலண்ட் சுற்றோட்டம் குறைந்து எஞ்சின் சூடேறுகிறது, சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழுகிறது, அதன் வழியே கசியும் எண்ணெய் சூடான பாகத்தில் பட்டுத் தீப்பற்றுகிறது என்று நிறுவனமே விளக்கியது. சில வாரங்கள் கழித்து அமெரிக்காவிலும் 1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட ஃபோர்டு கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அங்கே அறிவித்த பரிகாரம் என்ன தெரியுமா? கூலண்டின் அளவைக் கண்காணிக்கும் ஓர் உணரியைப் பொருத்துவது! சூடு ஏறும்வரை காத்திருக்காமல், தண்ணீர் குறையும்போதே ஓட்டுநருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அக்காவின் மகன் கணக்கு நோட்டில் செய்ததும் அதே வேலைதான்.

தண்ணீர் குறைவது ஒரு காலத்தில் குறையாகவே கருதப்படவில்லை என்பது வேடிக்கையான செய்தி. 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியில் இரண்டு பதின்ம வயது மகன்களோடு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பயணம் செய்தார். அந்த எஞ்சினில் தண்ணீர் கொதித்து ஆவியாவதன் மூலமே சூடு தணிந்தது. ஆகவே வழிநெடுக நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. இன்றைய காரில் கூலண்ட் மூடிய சுற்றுக்குள் ஓடுகிறது. அதில் வாரா வாரம் தண்ணீர் ஊற்றுகிறோம் என்றால் எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது.

அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதில் தப்பில்லை, வழியில் நிற்பதைவிட அது மேல். அதையே வழக்கமாக்கினால் கூலண்ட் நீர்த்துப்போகும், கொதிநிலை இறங்கும், துருவைத் தடுக்கும் வேதிப்பொருளும் குறைந்துவிடும். கசிவை அடைக்கும் பொடியும் திரவமும் கடையில் கிடைக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. கசியும் ஓட்டையை அடைக்கும் அதே பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கலாம். பழைய கூலண்டைக் கால்வாயில் ஊற்றக் கூடாது. எங்கள் ஊரில் கால்வாய் ஆற்றுக்குப் போகும், ஆறு கடலுக்குப் போகும்.

இந்தத் துறையில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மலேசியத் திறன் சான்றிதழ், சுருக்கமாக எஸ்.கே.எம்., ஒன்று முதல் மூன்று வரை நிலைகளைக் கொண்டது. அதற்கு மேலே நான்காம் நிலையில் திறன் டிப்ளோமாவும் ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமாவும் உண்டு. மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் அட்தெக் கழகங்களும், ஜியாட்மாரா, ஐ.கே.பி.என். போன்றவையும் திறன் பயிற்சி தருகின்றன. வாகனப் பிரிவு எங்கே இருக்கிறது, சேர்வதற்கு என்ன தகுதி என்பதை அந்தந்தக் கழகத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். நேர்காணலுக்குப் போகிறவர்கள் காரின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். வெப்பம், அழுத்தம் என்ற இரண்டு பாடங்களை நன்றாகப் படித்துவிட்டுப் போங்கள் என்பேன். பயிற்சியின் முதல் மாதத்திலேயே அவை இரண்டும் கைக்கு வந்துவிடும்.

அதுவரை வீட்டிலேயே தொடங்கலாம். நாளைக் காலை, யாரும் எஞ்சினை முடுக்குவதற்கு முன்பு, அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டு பானட்டைத் திறந்து பாருங்கள். ரிசர்வ் டாங்கியில் மேல்கோடு, கீழ்க்கோடு இரண்டும் எங்கே இருக்கின்றன, தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது, மூடியில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்த்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம், மறுபடியும்.